ஒரே ஒரு பையனை வைத்து என்ன ஆராய்ச்சி?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “களப்பணியில், பள்ளிக்கு ஒழுங்காக வராத ஒரு பையனோடு வேலை செய்கிறேன். ஒற்றை அமைப்பு ஆய்வு முறையில் அதை மதிப்பிட்டு எழுதச் சொல்கிறார்கள். ஒரே ஒரு பையனை வைத்து என்ன ஆராய்ச்சி? மாற்றம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே, அதை எதற்கு அளக்க வேண்டும்? மனிதர்களை எண்ணாக்குவது சரியா?”

ஒற்றை அமைப்பு ஆய்வு என்பது, ஒரே ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ உதவிக்கு முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பது. இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நடுவில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் தெளிவு வந்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

ரிச்சர்ட் கேபட் என்று பாஸ்டன் நகரில் ஒரு மருத்துவர் இருந்தார். 1905-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குள் சமூகப்பணியைக் கொண்டுவந்தவர். இந்தத் தொழில் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையோடுதான் 1931-இல் அமெரிக்க சமூகப்பணி மாநாட்டில் ஒன்றைக் கேட்டார்: நம்பிக்கையையும், தேர்ந்தெடுத்த நல்ல கதைகளையும் மட்டும் காட்டாதீர்கள், உங்கள் வேலையின் பலனை ஏதாவது ஒரு வகையில் அளந்து காட்டுங்கள். கேட்டதோடு அவர் நிற்கவில்லை. கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களில் 506 சிறுவர்களைத் தேர்ந்து, ஒத்த நிலையில் உள்ளவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் உதவி தரும் ஒரு திட்டத்தை உருவாக்கினார். 1939 முதல் 1945 வரை நடந்தது. ஆலோசகர்கள் வீடு தேடிப் போனார்கள். படிப்புக்கு உதவினார்கள், மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள், கோடை முகாம்களுக்கு அனுப்பினார்கள். இன்று நாம் நல்ல வேலை என்று நினைக்கிற எல்லாமே அதில் இருந்தது.

முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களை, அப்போது நடுவயது ஆண்களாக, தேடிக் கண்டுபிடித்தார். 1978-இல் முடிவு வெளிவந்தது. உதவி பெற்றுப் பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தமக்கு நல்லது செய்தது என்றார்கள். பழைய ஆலோசகர்களை அன்போடு நினைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் பதிவேடுகள் வேறு மாதிரி பேசின. ஜோடியின் மற்றவனோடு ஒப்பிட்டால், உதவி பெற்றவர்களிடம் குடிநோயின் அறிகுறிகள் அதிகம், தீவிர மனநோயின் அறிகுறிகள் அதிகம், ஒருமுறை குற்றம் செய்தவர்கள் மறுமுறையும் செய்வது அதிகம், இறந்தவர்கள் இளம் வயதிலேயே இறந்திருந்தார்கள்.

நான் மாணவனாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. அந்த ஆலோசகர்கள் யாரும் அலட்சியமாக வேலை செய்தவர்கள் இல்லை. அந்தச் சிறுவர்களின் நன்றியும் பொய் இல்லை. இரண்டும் உண்மையாக இருந்தும் வேலை தீங்காக முடிந்திருக்கிறது. உதவி செய்பவருக்கும் பெறுபவருக்கும் ஒரே நேரத்தில் “பலிக்கிறது” என்று தோன்றலாம், பலிக்காமலும் இருக்கலாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். கண்ணுக்குத் தெரிகிறது என்பது போதாது.

கேபட் கேட்டது போன்ற ஒப்பீட்டு ஆய்வுகள் அதன்பின் பல நடந்தன. 1973-இல் ஜோயல் ஃபிஷர் அப்படிப்பட்ட 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தொழில்முறைக் கேஸ் ஒர்க் (தனி ஆளோடும் குடும்பத்தோடும் நேரடியாகச் செய்யும் சமூகப்பணி) பலன் தந்ததற்கு அவற்றில் ஆதாரம் இல்லை என்று எழுதினார். தொழிலே ஆடிப்போனது. அந்த அதிர்ச்சியில் பலர் நடத்தை உளவியலில் இருந்த ஒரு பழக்கத்தைக் கையில் எடுத்தார்கள்: ஒவ்வொரு பணியாளரும் தன் ஒவ்வொரு கேஸையும் தானே அளந்து பார்ப்பது. நீங்கள் எழுதப் போகும் ஒற்றை அமைப்பு முறை இப்படித்தான் சமூகப்பணிக்குள் வந்து நிலைத்தது.

அமைப்பு என்று ஏன் சொல்கிறோம் என்றால், அளக்கப்படுவது ஒரு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தம்பதியாக இருக்கலாம், ஒரு குடும்பமாக, ஒரு சுயஉதவிக் குழுவாக, ஒரு விடுதியாக இருக்கலாம். அந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப அளக்கிறோம். உதவி தொடங்குவதற்கு முன் கொஞ்ச காலம், தொடங்கிய பின் கொஞ்ச காலம். முன்னதை ‘ஏ’ கட்டம் என்றும் பின்னதை ‘பி’ கட்டம் என்றும் குறிப்பார்கள். நூறு பேரை வைத்துச் செய்யும் ஆய்வு சராசரியாக என்ன நடக்கும் என்று சொல்லும். உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் பையன் சராசரி இல்லை. அவனுக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், அவனை முந்தைய அவனோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு பையனை வைத்து என்ன ஆராய்ச்சி என்றால், இந்த ஆராய்ச்சிதான்.

சரி, எதை அளப்பது? முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

“தன்னம்பிக்கை குறைவு”, “குடும்பச் சூழல் சரியில்லை” என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். அதை அப்படியே அளக்க முடியாது. நாளைக்கு இந்தப் பிரச்சினை குறைந்தால் யார் கண்ணுக்கு, எந்த இடத்தில், எப்படித் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கு வராத பையனுக்கு வாரத்தில் எத்தனை நாள் வரவில்லை என்பது. வீட்டில் சண்டை என்றால் வாரத்தில் எத்தனை முறை குரல் உயர்ந்தது என்பது. தூக்கம் வராத அம்மாவுக்கு எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை முறை விழித்தார் என்பது. எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை என்ற மூன்றில் ஏதோ ஒன்றுக்குள் பெரும்பாலான பிரச்சினைகள் வந்துவிடும்.

கடுமையை அளக்க, அந்த ஒருவருக்கென்றே ஒரு அளவுகோல் செய்யலாம். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. ஆனால் “பத்து என்றால் மிகவும் மோசம்” என்று விட்டுவிடாதீர்கள். அவருடைய சொல்லிலேயே படிகளைக் குறியுங்கள். ஒரு அம்மா எனக்குச் சொன்ன படிகள் இவை: பத்து என்றால், ‘அடுப்புப் பற்றவைக்கக்கூட எழ முடியாது’. ஐந்து என்றால், ‘சமைப்பேன், ஆனால் வாய்விட்டு யாரோடும் பேச மாட்டேன்’. ஒன்று என்றால், ‘குழாயடியில் நின்று சிரிப்பேன்’. இதைவிட நல்ல அளவுகோலை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை. “நெஞ்சு படபடங்குது”, “உடம்பெல்லாம் எரியுது” என்று அவர் சொன்னால், அதை மனச்சோர்வு என்று மொழிபெயர்த்து அளக்காமல், படபடப்பையும் எரிச்சலையுமே அளக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எப்படி? தினசரி காலண்டர் இல்லாத வீடு குறைவு. கிழித்த தாளில் ஒரு கோடு போடச் சொல்லலாம். புளியங்கொட்டை இன்னும் எளிது. சண்டை வந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு கொட்டை டப்பாவில். வாரக் கடைசியில் சேர்ந்து எண்ணலாம்.

ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட அளவுகோல்களும் உண்டு. மனச்சோர்வுக்குப் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள்; மொத்தம் 27 மதிப்பெண்; 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பது. அதனால் அதைத் தினமும் நிரப்பச் சொல்வதில் பொருள் இல்லை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கும். அதற்கு ‘ஆம்’ என்ற மாதிரி எந்தப் பதில் வந்தாலும், கூட்டல் போடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு அந்த மனிதரோடு பேசுங்கள், உங்கள் மேற்பார்வையாளரை அன்றே கூப்பிடுங்கள்.

அளவுகோலை ஊருக்கேற்றபடி கேட்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ கேள்வித்தாளை வரிசையில் வந்தவர்களிடம் கேட்டு நிரப்பினேன். பத்துக் கேள்வி, 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்தான குடி. “ஒரு நாளைக்கு எத்தனை டிரிங்க்?” என்று கேட்டால், பலர் “ஒண்ணுதாங்க” என்றார்கள். ஒன்று என்று எழுதிக்கொண்டேன். அவர்கள் சொன்ன ஒன்று ஒரு குவார்ட்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கியில் சாராயச் சத்து 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு குவார்ட்டரில் கிட்டத்தட்ட 61 கிராம் எத்தனால். கேள்வித்தாள் ஒரு டிரிங்க் என்று சொல்வது 10 கிராமை. ஆக ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். பங்கு போட்டுக் குடிக்கும் கட்டிங் மூன்று டிரிங்க். தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவருக்கு முதல் மூன்று கேள்விகளிலேயே 4, 2, 4 என்று 10 மதிப்பெண் வந்திருக்க வேண்டும். நான் போட்டது 4, 0, 0. எட்டைத் தாண்ட வேண்டியவர் நாலில் நின்றுவிட்டார். ஒரு மாதம் அப்படியே போனது. ஒரு மூத்த செவிலியர்தான் தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, குவார்ட்டரா கேட்டியா, டிரிங்க்கா கேட்டியா?” என்றார். அளவுகோல் சரியானதுதான். நான் கேட்ட விதம் அதன் உயிரை எடுத்துவிட்டது.

அடுத்தது ‘ஏ’ கட்டம், அதாவது அடிநிலை. உதவி தொடங்குவதற்கு முன்பே எண்ணுவது. இந்த முறையின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது, மாணவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். மக்கள் நம்மிடம் வருவது நிலைமை மிக மோசமான நாளில். காய்ச்சல் உச்சத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பல காய்ச்சல்கள் உச்சத்துக்குப் பின் தானாகவே இறங்கும். அந்த ஒரு மோசமான நாளை மட்டும் ‘முன்பு’ என்று வைத்துக்கொண்டால், பிறகு நாம் என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், முன்னேற்றம்போலத்தான் தெரியும். அதனால் ஒரு புள்ளி போதாது. குறைந்தது ஐந்தாறு புள்ளிகளாவது வேண்டும், அவை ஓரளவு நிலையாக இருக்க வேண்டும். அடிநிலையிலேயே கோடு இறங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் தொடங்கிய பின்னும் இறங்குவதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

ஆனால் காத்திருந்து எண்ணுவது எப்போதும் நியாயமில்லை. அடிபட்டு வந்திருக்கும் பெண்ணிடம், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரிடம், துன்புறுத்தப்பட்ட குழந்தையிடம் “மூன்று வாரம் எண்ணிவிட்டு வருகிறேன்” என்று சொல்லக் கூடாது. அங்கே உடனே இறங்க வேண்டும். அப்போதும் பின்னோக்கிய அடிநிலை கிடைக்க வாய்ப்பு உண்டு. வருகைப் பதிவேடு, மருத்துவமனைச் சீட்டு, அடகுக்கடை ரசீது என்று கடந்த காலம் எங்கோ எழுதப்பட்டிருக்கும். உங்கள் பையனைப் பொறுத்தவரை நீங்கள் அதிர்ஷ்டசாலி. வகுப்பாசிரியர் தினமும் உங்களுக்காக அடிநிலையை எடுத்து வைத்திருக்கிறார்.

உங்களுடையதைப் போன்ற ஒரு கேஸை, ஆள் அடையாளத்தை மாற்றி, எண்களோடு சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன். வாரம் 5 நாள் பள்ளி. பதிவேட்டில் முந்தைய ஆறு வாரத்தில் அவன் வராத நாட்கள்: 3, 2, 3, 4, 3, 3. அப்புறம் நான் தொடங்கினேன். வாரம் ஒருமுறை அவனோடு தனியாகப் பேசுவது. வந்த நாளில் அவனைத் திட்டாமல் பார்த்துக்கொள்ளும்படி ஆசிரியரிடம் ஏற்பாடு. அடுத்த எட்டு வாரம்: 3, 2, 2, 1, 1, 0, 1, 0.

இதை வரைபடத் தாளில் போடுங்கள். கீழே வாரங்கள், பக்கவாட்டில் வராத நாட்கள், தொடங்கிய இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு. முதலில் கண்ணால் பாருங்கள். அளவு மாறியிருக்கிறதா, போக்கு மாறியிருக்கிறதா, ஏற்ற இறக்கம் குறைந்திருக்கிறதா, மாற்றம் எப்போது வந்தது? கடைசிக் கேள்வியை நினைவில் வையுங்கள்.

பிறகு எளிய கணக்கு. அடிநிலையின் சராசரி 3, திட்டவிலக்கம் (புள்ளிகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பது) 0.63. அதன் இரண்டு மடங்கான 1.26-ஐச் சராசரிக்கு மேலும் கீழும் வைத்தால் 4.26-இலிருந்து 1.74 வரை ஒரு பட்டை கிடைக்கும். ‘பி’ கட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் அந்தப் பட்டைக்கு வெளியே போனால், அது வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லை என்று கொள்ளலாம். இங்கே நாலாவது, ஐந்தாவது வாரத்திலேயே போய்விட்டது. இன்னொரு கணக்கும் உண்டு: அடிநிலையின் மிக நல்ல புள்ளியையும்விட நன்றாக இருக்கும் புள்ளிகள் எத்தனை சதவீதம்? அடிநிலையில் மிக நல்லது 2. அதற்கும் கீழே எட்டில் ஐந்து, 62.5 சதவீதம். 70-க்கு மேல் இருந்தால்தான் பலன் உண்டு என்பார்கள். 50 முதல் 70 வரை சந்தேகமே. ஒரு கணக்கு ஆம் என்கிறது, இன்னொன்று தயங்குகிறது. முதல் மூன்று வாரம் ஒன்றுமே நடக்காததால் வந்த தயக்கம் அது. எதையும் மறைக்காமல் இரண்டையும் எழுதுங்கள். இந்த வாரத்தின் அளவு போன வாரத்தின் அளவைத் தொட்டுக்கொண்டே வருவதால், இத்தனை சிறிய தொடரில் இந்தக் கணக்குகளுக்கு ஓரளவுக்கு மேல் எடை இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாற்றம் நடந்தது என்பது ஒன்று, அதற்குக் காரணம் நாம் என்பது வேறொன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். பரீட்சை நெருங்கியிருக்கலாம். மழை விட்டிருக்கலாம். ஊர்த்திருவிழா முடிந்திருக்கலாம். எண்ணுவதே மாற்றத்தைக் கொண்டுவரலாம். குடித்த நாளைக் காலண்டரில் வட்டம் போடச் சொன்னாலே சிலருக்கு வட்டம் குறையும். அளப்பவர் மாறியிருக்கலாம், புது ஆசிரியர் தாமதமாக வந்தவனுக்கும் வருகை போட்டிருக்கலாம். ஏ, பி என்ற இரண்டே கட்டம் உள்ள வடிவம் இவை எதையும் விலக்கிவிடாது. நடந்த வேலையைக் கண்காணிக்க அது போதும், காரணத்தை நிரூபிக்கப் போதாது.

காரணத்தை நெருங்க, உதவியை நிறுத்திப் பார்த்து மீண்டும் தொடங்கும் வடிவம் இருக்கிறது. பலன் தருவதை வேண்டுமென்றே நிறுத்துவது எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. ஆனால் உங்கள் பரீட்சை விடுப்பு, நீங்கள் ஊருக்குப் போன பத்து நாள் என்று இயல்பாக வரும் இடைவெளிகளில் எண்ணுவதை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, பல அடிநிலை வடிவம். மூன்று பையன்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு வாரம் இரண்டு நாள்தான் களப்பணி. மூவரையும் ஒரே நாளில் தொடங்க முடியாது. மூவருக்கும் எண்ணுவதை இன்றே தொடங்கி, உதவியை மட்டும் ஒருவனுக்கு ஆறாம் வாரத்திலும், அடுத்தவனுக்கு ஒன்பதாம் வாரத்திலும், மூன்றாமவனுக்குப் பன்னிரண்டாம் வாரத்திலும் தொடங்குங்கள். ஒவ்வொருவனின் கோடும் அவனவன் தொடங்கிய பிறகே இறங்கினால், மழை விட்டதால் வந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. எப்படியும் காத்திருக்க வேண்டிய நிலையில், அந்தக் காத்திருப்பு வீணாகாமல் ஆதாரமாகிறது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. மனிதர்களை எண்ணாக்குவது சரியா? இந்தச் சண்டை பழையது. அளவுகோல்கள் பல உருவாக்கிய வால்டர் ஹட்சன் 1978-இல், அளக்க முடியாத பிரச்சினை இல்லாத பிரச்சினை என்ற அளவுக்குப் போய் எழுதினார். 1981-இல் மார்த்தா ஹைன்மன் எதிர்க்குரல் எழுப்பினார்: காலாவதியான அறிவியல் கருத்தை வைத்துக்கொண்டு சமூகப்பணியின் ஆழத்தைத் தூக்கி எறிகிறீர்கள் என்றார். நான் ஹட்சன் பக்கம் முழுதாக இல்லை. மகனை இழந்த தாயின் துக்கம் பத்தில் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அதே தாய் எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று தெரியாமல் இருப்பது கருணை ஆகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் போடுவது இன்னொருவருடைய காலத்தை. கூலி வேலையை விட்டுவிட்டு அரை நாள் நம் எதிரில் உட்காருகிறார்களே, அந்த அரை நாளுக்கு அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

எண்கள் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சரியும் தவறும் இருக்கிறது. நிதி தருபவருக்குக் காட்ட மட்டும் எண்ணினால், கொஞ்ச நாளில் கோடு அழகாக இறங்க ஆரம்பித்துவிடும். அழகாக இல்லாத கோடுகள் அறிக்கைக்குப் போகாது. என்ன எண்ணுகிறோம், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று அந்தக் குடும்பத்திடம் சொல்லி, சம்மதம் வாங்கி, வரைபடத்தை அவர்களோடு உட்கார்ந்து பார்த்தால், அது அவர்களுடையதாகிறது.

அந்த ஏழாம் வகுப்புப் பையனின் வரைபடத்தை எட்டாவது வாரத்தின் முடிவில் அவன் அம்மாவிடம் கொண்டுபோனேன். சார்ட் தாளில் பெரிதாக வரைந்திருந்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. “ஒவ்வொரு பொட்டும் ஒரு வாரம், மேலே இருந்தால் பள்ளிக்குப் போகவில்லை, கீழே இருந்தால் போனான்” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். கோட்டுக்குப் பிறகு வரும் நாலாவது பொட்டின் மேல் விரலை வைத்து, “இது என் தம்பி வந்த வாரம் சார்” என்றார்.

அந்த வீட்டில் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அம்மா காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். அங்கன்வாடி திறக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு, பிறகு கொண்டுபோய் விடுவது பையனின் வேலை. குழந்தை அழுது அடம்பிடித்த நாளில் நேரமாகிவிடும். நேரமானால் திட்டு விழும் என்று பள்ளிக்கே போக மாட்டான். மாமா திருப்பூரிலிருந்து வந்து தங்கிய பிறகு, அந்த வேலையை அவர் பார்த்துக்கொண்டார். மூன்று வாரமாக நான் பேசிப் பேசி ஒன்றும் நடக்காமல், நாலாவது வாரத்தில் கோடு இறங்கியதன் காரணம் அது. நான் என் ஆலோசனைக்குக் கொஞ்சம் தாமதமாகப் பலன் கிடைத்திருக்கிறது என்று எழுதி வைத்திருந்தேன்.

பத்தாவது வாரம் மாமா திருப்பூருக்குத் திரும்பிப் போனார். என் வாராந்தரப் பேச்சு தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. வராத நாட்கள் 2, 3 என்று ஏறின. அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டு, எதிர்வீட்டு அக்காவிடம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். அவர் தன் குழந்தையை அங்கன்வாடியில் விடும்போது இதையும் சேர்த்துக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டார். அடுத்த ஐந்து வாரம் 1, 0, 0, 1, 0.

உங்கள் ஆய்வேட்டுக்கு இனி நேரடியாகச் சில விஷயங்கள். வருகைப் பதிவேட்டிலிருந்து முந்தைய ஆறு முதல் எட்டு வாரத்தை எடுங்கள். விடுமுறை வந்த வாரங்களில், பள்ளி நடந்த நாட்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரே அளவை மட்டும் நம்பாதீர்கள். பையன் தானே தரும் ஒரு அளவும் இருக்கட்டும், காலையில் பள்ளியை நினைத்தால் வயிறு எவ்வளவு கலக்குகிறது என்பதுபோல. தேதி வாரியாக ஒரு சிறு குறிப்பு வைத்து, வீட்டில் யார் வந்தார், யார் போனார், யாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதி வாருங்கள். நான் அந்தக் குறிப்பை வைக்காததால்தான் எட்டாவது வாரத்தின் முடிவு வரை மாமாவைத் தவறவிட்டேன். வாய்மொழித் தேர்வில் “மாதிரி எண்ணிக்கை ஒன்றுதானா?” என்று கேட்டால், ஆள் ஒன்று, அளவீடுகள் இத்தனை என்று சொல்லி, இந்த முடிவை மற்ற பிள்ளைகளுக்கு நீட்ட முடியாது என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். களப்பணி முடிந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை பள்ளிக்குப் போய், பதிவேட்டில் நாலு வாரத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். மதிப்பெண்ணுக்கு அது தேவைப்படாது, ஆனால் மாற்றம் நின்றதா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வரைபடத்தைத் துறையில் சமர்ப்பிக்கும் முன் அந்தப் பையனிடமும் அவன் வீட்டாரிடமும் காட்டுங்கள். எந்தப் பொட்டில் விரல் வைக்கிறார்கள் என்று பாருங்கள்.